ஆற்றுணா

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்றும் ஒரு பொருள் உண்டு. நெடுவழி செல்வோர் கையில் கொண்டு செல்லும் உணவைப் பண்டையோர் ஆற்றுணா என்றனர். இக்காலத்தார் அதனைக் கட்டுச்சோறு என்பர். கற்றவர்க்கு எந்த நாடும் சொந்த நாடே; ஆதலால் அவர் ஆற்றுணாக் கொண்டு செல்ல வேண்டுவதில்லை என்பது பழமொழி நானூற்றில் காணப்படும் ஒரு கருத்து. இனிய கருத்துத்தான். ஆனால், அது கற்றுத் தேர்ந்த பெரியோரைக் குறித்தது. கல்வியின் பொருட்டு அயல்நாட்டுக்குப் புறப்படும் இளைஞனோ இனிமேல்தான் கற்க வேண்டியவன். அந்நாட்டில் அவனை அறிந்தார் இலர். முதல் நாள் இரவு எங்கே படுப்பது, முதல் வேளை எதை உண்பது, கையில் உள்ள பணம் எத்தனை நாளைக்குக் காணும் என்பவற்றை அவன் ஊரில் இருக்கும்போதே எண்ணித் துணிதல் வேண்டும். அவ்வெண்ணமே அவன் கொண்டு செல்ல வேண்டிய ஆற்றுணா.

விருதுநகர் மாவட்டத்தார்க்கு ஊர் விட்டு ஊர் செல்வது புதிதன்று. அது மழை குறைந்த கரிசல் நிலம். பயிரை மட்டும் நம்பி வாழ இயலாத நிலையில் அங்குள்ளோர் வணிகத்தையும் கைத்தொழிலையும் நாடினர். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர், 1922-ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழில் பயிலக் கல்கத்தாவுக்குச் சென்றனர். சில திங்கள் அங்கே தங்கித் தொழிலைக் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிற்சாலை நிறுவினர். அவர்கள் கொண்டு வந்த கல்வியினின்று தீப்பெட்டியும், பின்னர்ப் பட்டாசும், அவற்றுக்கு வண்ணத் தாள் ஒட்ட வேண்டிய தேவையால் அச்சுத் தொழிலும் அவ்வூரில் வளர்ந்தன. இன்று அத்தொழில்களால் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் பொறியியலும் கணினியியலும் பயில ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் செல்லக் கருதுகின்றனர். கல்கத்தாவுக்குப் புகைவண்டி ஏறியவர்க்கு மொழியும் உணவும் வேறாயினும் நாணயம் ஒன்றே. கடல் கடப்பவர்க்கு அதுவும் வேறு. ஆதலின் அவர்தம் ஏற்பாடு இன்னும் நுட்பமாதல் வேண்டும்.

சென்று இறங்கும் முதல் நாளே பலர் இடர்ப்படும் நாள். காந்தியடிகள் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. கரையிறங்கும் நாளுக்கென்றே வெள்ளைக் கம்பளித் துணியாலான உடையொன்றைப் பேணி வைத்திருந்தார். அம்மாத இறுதியில் அதை அணிந்து இறங்கியபோது, அத்தகைய வெள்ளுடை உடுத்தவர் தாம் ஒருவரே எனக் கண்டு நாணினார். மாற்றுடை உடுக்கலாம் எனின், பெட்டிகளையெல்லாம் சாவியுடன் முகவரிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார். அன்று சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. பெட்டிகள் உடனே வந்து சேரவில்லை. தங்கிய விடுதியில் அவரால் உண்ண முடிந்தது மிகச் சிறிது. கொடுக்க நேர்ந்ததோ மூன்று பவுன். அத்தொகையைக் கேட்டு அவர் திடுக்கிட்டார். இவற்றையெல்லாம் அவரே தம் வரலாற்றில் ஒளியாது எழுதியுள்ளார்.

இக்காலத்து வானூர்தியிலும் பெரிய பெட்டி பயணியின் கையில் இராது. சில வேளை அது ஒரு நாள், இரு நாள் பிந்தி வருவதும் உண்டு. ஆதலின் கடவுச்சீட்டு, கல்லூரி இடம் அளித்த கடிதம், மூலச் சான்றிதழ்கள், நாள்தோறும் உண்ணும் மருந்து, ஒரு மாற்றுடை, ஒரு கம்பளிச் சட்டை, அந்நாட்டு நாணயத்தில் சிறிது பணம் ஆகியவை கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். பெட்டியில் வைக்கக் கூடாதனவும் உள. சிவகாசிப் பிள்ளை தன் ஊர்ப் பெருமையை நண்பர்க்குக் காட்ட ஒரு மத்தாப்புப் பெட்டியைத்தானும் எடுத்துச் செல்லல் இயலாது. வெடிபொருள் எதனையும் வானூர்தியில் ஏற்றலாகாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியையும் பாலாலாகிய பொருள்களையும் கொண்டுவருதலைத் தடுத்துள்ளன. ஆதலின், அம்மாவட்டத்துக்கே புகழ் தரும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் ஊரிலேயே தங்கிவிட வேண்டியதுதான். பாட்டிமார்க்கு இதனை விளக்கிச் சொல்வது எளிதன்று.

காந்தியடிகள் பிற்பாடு செலவுக் கணக்கில் தேர்ந்தவரானார். முதலில் நாகரிக உடைக்கும் பிடில் பயிற்சிக்கும் பணம் செலவழித்தார். பின்னர்த் தம் தமையனார் அரும்பாடுபட்டு அனுப்பும் பணம் அது என்பதை எண்ணித் திருந்தினார். வண்டிச் சத்தம், அஞ்சல் தலை முதலிய சிறு செலவையும் விடாமல் எழுதி, ஒவ்வோர் இரவும் உறங்குமுன் இருப்பைச் சரி பார்த்தார். தாம் செல்ல வேண்டிய இடத்துக்கு நடந்தே செல்லத்தக்கவாறு அறை எடுத்தார். நாள்தோறும் எட்டு அல்லது பத்து மைல் நடந்ததனால் வண்டிச் செலவு மிஞ்சியது. உடலும் உறுதி பெற்றது. காலை உணவைத் தாமே சமைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சில் வாழ்ந்தார். இதில் உணரத்தக்கது ஒன்று உண்டு. அவர் செலவைக் குறைத்தது வயிற்றைப் பட்டினி போட்டு அன்று. உறைவிடத்தையும் வழிநடையையும் மாற்றி அமைத்ததனால்.

நிற்க. கடல் கடந்து கற்கச் சென்ற தமிழருள் கணிதமேதை இராமாநுசத்தின் வரலாறு இப்பொருளில் மிகுதியும் ஆராயத்தக்கது. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் திங்கள் முப்பது ரூபாய் ஊதியம் பெற்ற எழுத்தர் அவர். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும், உடைக்கும் பயணத்துக்குமாக 100 பவுனும் அளித்தது. கேம்பிரிட்ஜில் உள்ள திரினிட்டிக் கல்லூரி ஆண்டுக்கு 60 பவுன் சேர்த்தது. அக்காலத்தில் ஒரு பவுனுக்கு மதிப்பு 15 ரூபாய். பெருந்தொகை கைக்கு வருகிறது என்று அறிந்ததும் அவர் செய்த ஏற்பாடு, தம் உதவித்தொகையினின்று திங்கள்தோறும் 60 ரூபாய் கும்பகோணத்திலிருந்த தம் குடும்பத்துக்குச் சேரச் செய்ததாகும். ஆண்டுக்கு 720 ரூபாய். பவுனில் ஏறத்தாழ ஐம்பது. எஞ்சிய 200 பவுனும் கல்லூரி தந்த 60 பவுனும் அவர் செலவுக்கு நின்றன. தாம் இல்லாத வீட்டின் அடுப்பு எங்ஙனம் எரியும் என்பதைக் கப்பலேறுமுன்னரே அவர் முடிவு செய்துவிட்டார்.

மற்ற ஏற்பாடுகள் எளியனவாக இருந்தில. மேல்நாட்டு உடை உடுக்கவும், கத்தியும் முட்கரண்டியும் கொண்டு உண்ணவும் பழகினார். குடுமியைக் களைய நேர்ந்தது. அதனைக் காண அன்னையாரும் மனைவியாரும் பொறார் என்று அவர்களை முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். 1914-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டு, ஏப்பிரல் 14-ஆம் நாள் இலண்டனை அடைந்தார். அவரைச் சென்னையில் கண்டு இங்கிலாந்து வர இசைவித்த கணித ஆசிரியர் நெவில் அங்கே வந்து எதிர்கொண்டார். சில நாள் இலண்டனில் தங்கியபின், கேம்பிரிட்ஜில் நெவிலின் வீட்டிலேயே ஆறு வாரம் அளவும் தங்கினார். அதன் பின்னரே கல்லூரி அறைக்குக் குடியேறினார். புதிய நாட்டின் நாணயம், தெரு, பேச்சு, வானிலை ஆகியவற்றை ஒருவர் துணையோடு அறிந்துகொள்ள அவருக்குக் கிடைத்த அவ்வாறு வாரமும் பெரும்பேறு ஆகும்.

ஆயினும் அறையில் தனியே இருக்கத் தொடங்கியதும் இடர்கள் தலைகாட்டின. காலணி அவர் காலை நோகச் செய்தமையால் அறையில் செருப்பே அணிந்தார். குளிர் வந்தது. அப்போது கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்தவரும், பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ் பெற்றவருமான மகலனோபிசு ஒருநாள் அவரைக் காணச் சென்றார். இரவில் குளிருக்குப் போர்வை போதுமா என்று வினவினார். மேற்சட்டை அணிந்து, அதன்மேல் சால்வையும் போர்த்துப் படுத்தும் குளிர் தாங்க முடியவில்லை என்றார் இராமாநுசம். மகலனோபிசு படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலின்மேல் கம்பளிகள் பல இருந்தன. அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. இராமாநுசம் இரவுதோறும் அவ்விரிப்பின்மேல் படுத்திருந்தார். கம்பளிக்குள் புக வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மகலனோபிசு விரிப்பை மடித்து, உள்ளே நுழைந்து படுக்கும் முறையைக் காட்டினார். எண்களின் இயல்பை எவரினும் நுட்பமாக அறிந்த ஒருவர், போர்வை போர்த்தும் முறையை ஒருவர் சொல்லாமையால் அறியாது நடுங்கினார். கேட்பதற்கு நாணியதனால் துன்புறும் மாணவர் இன்றும் பலர்.

உணவு பெருந்தொல்லையாயிற்று. அவர் புலால் உண்ணாதவர். கல்லூரி உணவுக்கூடத்தில் உண்ண ஒருப்படாது, அறையிலேயே எரிவாயு அடுப்பு வைத்துத் தாமே சமைத்தார். கொட்டை நீக்கிய புளியும் தேங்காயெண்ணெயும் அனுப்புமாறு ஊரிலுள்ள நண்பருக்கு எழுதினார். பின்னர், சோறும் உப்பும் எலுமிச்சைச் சாறுமே தமக்குப் போதும் என்று எழுதினார். 1914 ஆகஸ்டில் போர் மூண்டமையால் காய்கறியும் பழமும் அரியவாயின. கணிதத்தில் ஆழ்ந்துவிட்டால் அவர் சமைக்கும் வேளையையும் மறப்பார். 1917-இல் நோயுற்றார், மருத்துவ விடுதிகளில் நெடுநாள் இருந்தார், 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்பிரல் 26-ஆம் நாள் முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். உணவுக் குறைவே அவர் உயிரைக் கவர்ந்தது எனல் பொருந்தாது. அவர்தம் நோய் ஈரலைப் பற்றும் அமீபா நோயாகலாம் என 1994-ஆம் ஆண்டு வெளிவந்த மருத்துவ ஆய்வொன்று கருதியது. எனினும், ஒழுங்கற்ற உணவும் தனிமையும் நோயுற்ற உடலுக்குத் துணை செய்திரா என்பது வெளிப்படை. பணக் கணக்கில் அவர் தவறவில்லை. உடலின் கணக்கையே எழுதாது விட்டார்.

இனி இந்நாளைய நிலையை நோக்குவோம். மாணவன் தன் செலவைத் தாங்குவான் என்பதைப் பல நாடுகள் வாய்ச்சொல்லால் நம்புவதில்லை. முன்னரே பணத்தைக் காட்டச் சொல்கின்றன. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களுட் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் பெறுவதில்லை. இதனைக் கேட்டுப் பலர் அந்நாட்டுக் கல்வி செலவற்றது என்று எண்ணிவிடுகின்றனர். ஆனால் விசா எனப்படும் நுழைவு இசைவு பெற, ஓராண்டு வாழ்க்கைச் செலவைத் தனிக் கணக்கொன்றில் முன்னரே இட்டுக் காட்டுதல் வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ என வரையறுக்கப்பட்டது. மாணவன் அங்குச் சென்ற பின்னரும் அதனை விரும்பியவாறு எடுக்க இயலாது. திங்களுக்கு 992 யூரோ வீதமே விடுவிக்கப்படும். விதைநெல்லைப் பூட்டி வைத்து, அன்றாடம் அளந்து தரும் முறை போன்றது இது. முதல் திங்களிலேயே பணத்தைத் தீர்த்துவிட்டுத் திகைக்கும் இளைஞரை இம்முறை ஓரளவு காக்கின்றது.

கனடா நாடும் இத்தகைய தொகையைக் கேட்கிறது. பல்லாண்டுகளாக 10,000 கனடா டாலராக இருந்த அது, 2024 சனவரியில் 20,635 டாலராகவும், 2025 செப்டம்பரில் 22,895 டாலராகவும் உயர்ந்தது. அண்ணன் சென்ற ஆண்டின் கணக்கைக் கொண்டு தம்பி புறப்படல் ஆகாது. புறப்படும் ஆண்டின் விதியைத் தூதரகத்தின் அறிவிப்பிலிருந்தே அறிதல் வேண்டும்; இடைத்தரகர் சொல்லைக் கொண்டு பணம் கட்டலாகாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஊரில் பணம் ரூபாயாகச் சேர்கிறது. அங்கே யூரோவாகச் செலவாகிறது. நாணய மாற்று நாள்தோறும் அசையும். ஒரு யூரோவுக்கு 90 ரூபாய் எனக் கொண்டால் 11,904 யூரோவுக்கு 10,71,360 ரூபாய் வேண்டும். 100 ரூபாய் ஆகிவிட்டால் 11,90,400 ரூபாய் வேண்டும். ஒரு பொருளும் கூடுதலாக வாங்காமலே 1,19,040 ரூபாய் மிகுந்துவிடுகிறது. அமெரிக்க டாலரின் மதிப்பு 2014-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60 ரூபாய்; 2024-இன் இறுதியில் ஏறத்தாழ 85 ரூபாய். விருதுநகர் வணிகர் மல்லிக்கும் வத்தலுக்கும் பருப்புக்கும் நாள்விலை குறித்து, ஏற்றத் தாழ்வுக்கு இடம் விட்டே கொள்முதல் செய்வர். அவ்வூர்ப் பிள்ளை நாணய மாற்றிலும் அங்ஙனமே பத்தில் ஒரு பங்கேனும் கூடுதலாக வைத்துக் கணக்கிடுதல் தகும்.

எல்லாத் திங்களிலும் முதல் திங்களே கொடியது. ஜெர்மனியில் வீட்டுக்காரர் மூன்று திங்கள் அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. ஒரு சிற்றறைக்குத் திங்கள் வாடகை 400 யூரோ எனக் கொள்வோம். மியூனிக் போன்ற பெருநகரில் அவ்விலைக்கு அறை கிடைத்தல் அரிது. முன்பணம் 1,200, முதல் திங்கள் வாடகை 400, கட்டாயமான மருத்துவக் காப்பீடு ஏறத்தாழ 140. ஆக 1,740 யூரோ. கணக்கிலிருந்து கிடைப்பதோ 992. இன்னும் ஒரு பிடி அரிசி வாங்கவில்லை. 748 யூரோ குறைகிறது. அக்குறையை ஊரிலிருந்தே தனியாகக் கொண்டு செல்லாதவன், இறங்கிய பத்தாம் நாள் தந்தையைப் பணம் கேட்கிறான். இதனால் வீட்டில் ஏற்படும் கலக்கம் சிறிதன்று. மேலும், அங்குக் குடியேறியவர் இரண்டு வாரத்துக்குள் தம் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்தல் வேண்டும். பிற அலுவல் பலவற்றுக்கு அப்பதிவுச் சான்று வேண்டப்படுகிறது. நிலையான அறை கிடையாதவன் இவ்வலுவல்களில் தடுமாறுவான். ஆகவே, இடம் கிடைத்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்தல் நன்று. அறையையும் பாராமல், உரியவரையும் அறியாமல், படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பி ஏமாறினோர் உளர்.

படித்துக்கொண்டே வேலை செய்து செலவைச் சரிக்கட்டலாம் என்று சிலர் கணக்கிடுகின்றனர். அதற்கு எல்லை உண்டு. ஜெர்மனியில் 2024 முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர் பாட நாள்களில் வாரத்துக்கு 20 மணி. கனடாவில் 2024 நவம்பர் முதல் 24 மணி. மொழி தெரியாதவர்க்கு வேலை விரைவில் கிட்டுவதும் இல்லை. எனவே வேலையின் ஊதியத்தைச் சோற்றுக்குழம்பில் மிதக்கும் நெய்யாகக் கருதலாமேயன்றிச் சோறாகக் கருதலாகாது.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். விருதுநகர் வெயிலில் வளர்ந்தவன் சென்று சேர்ந்த சில வாரங்களில் கடுங்குளிர் வந்துவிடும். டிசம்பரில் பெர்லின் நகரில் பகற்பொழுது எட்டு மணி நேரமும் இராது. பனிக்காலத்து மேற்சட்டையைச் சென்னையில் வாங்குவதினும் அங்கே, பழையன விற்கும் கடையில் வாங்குதல் பல வேளை நன்று. அந்நாட்டுக் குளிருக்கென்றே தைக்கப்பட்டது அது. ஊரிலிருந்து கொண்டு செல்லத் தக்கவை சிறு குக்கர், மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி, ஊறுகாய் முதலியன. அவற்றினும் கனமற்றதும் பயன் மிக்கதும் சமையல் அறிவு. சோறு வடித்தல், பருப்பு வேகவைத்தல், இரசம் வைத்தல் ஆகிய மூன்றையும் மகனாயினும் மகளாயினும் புறப்படுமுன் தாயிடம் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். வெளிநாட்டு உணவுக் கடையில் ஒரு வேளை உண்ணும் செலவில் வீட்டில் பல வேளை உண்ணலாம். சென்ற புதிதில் சிலர் ஒவ்வொரு விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, ஆப்பிளையும் பாலையும்கூட வாங்க அஞ்சி, ரொட்டியும் தேநீருமாகக் காலங்கழிப்பர். அது சிக்கனம் அன்று. நோய்க்கு இடும் முன்பணம்.

பயணச்சீட்டு எடுத்ததோடு குடும்பத்தின் சுமை தீர்வதில்லை. இந்திய வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டத்தில் நான்கு இலட்ச ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை; ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்டால் வீடு, நிலம் போன்ற சொத்தை ஈடாக வைத்தல் வேண்டும். படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. திருத்தங்கலில் பட்டாசுத் தொழிற்சாலைக்குச் செல்லும் தாயும், சிவகாசி அச்சகத்தில் பணி செய்யும் தந்தையும் உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பார்க்க. அவர்களுக்குள்ள சொத்து அவ்வீடு ஒன்றே. தொழிலோ ஆண்டு முழுதும் ஒரு சீராக நடப்பதன்று. 2018 அக்டோபரில் பட்டாசைப் பற்றி உச்ச நீதிமன்றம் புதிய கட்டுப்பாடுகளை விதித்தபின், சிவகாசி ஆலைகள் அவ்வாண்டின் நவம்பர் முதல் சில திங்கள் மூடிக் கிடந்தன. அத்தகைய காலத்தில் மகனுக்குப் பணம் அனுப்புதல் எங்ஙனம்? ஜெர்மனியில் தங்கும் இசைவைப் புதுப்பிக்கும்போது, அடுத்த காலத்துக்கும் பணம் உண்டு என மீண்டும் காட்டுதல் வேண்டும். ஆதலின் முதலாண்டுக்குப் பணம் சேர்ந்தது என மகிழ்பவர், இரண்டாம் ஆண்டின் பணம் எங்கிருந்து வரும் என்பதனையும் அன்றே எழுதி வைத்தல் வேண்டும்.

இதனைத் தாயும் தந்தையும் பிள்ளையும் ஒருங்கிருந்து பேசுதல் நலம். இல்லையேல் தாய் வளையலை அடகு வைத்ததை மகனுக்கு மறைப்பாள். மகன் ஒரு வேளையே உண்பதைத் தாய்க்கு மறைப்பான். இருவரும் தொலைபேசியில் நலமே என்பர். பணம் இவ்வளவு வரும், இந்நாளில் வரும், தடைப்பட்டால் இவரிடம் கேட்பது என்று முன்னரே ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்ட வீட்டில் இம்மறைப்பு வேண்டுவதில்லை. இராமாநுசம் நோயுற்று மருத்துவ விடுதியில் இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. 1919 சனவரி 11-ஆம் நாள் அவர் எழுதிய மறுமொழியிலும் முதற்கண் பெற்றோர்க்கு 50 பவுன் என்ற பழைய கணக்கே இருந்தது. அதுவும் தம் செலவும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவர், தாய்தந்தையற்ற சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்துமாறு வேண்டினார்.

சிறுகச் சேர்த்துக் கல்விக்கு ஈவது விருதுநகர்க்கும் பழகிய வழக்கம். காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலைக்கு அவ்வூரார் பிடியரிசித் திட்டத்தால் பொருள் திரட்டினர். உலை வைக்கும்போது வீடுதோறும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இடுவர். அதனைத் திரட்டி விற்றுப் பள்ளிக்குச் செலவிடுவர். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் ஒருவர், பட்டம் பெற்று மேற்படிப்புக்குக் கடல் கடக்க ஏறத்தாழ எட்டாண்டு உண்டு. அவர் வீட்டார் நாளொன்றுக்கு 25 ரூபாய் ஒதுக்கி வரின், வட்டியைச் சேர்க்காமலே எட்டாண்டில் 73,000 ரூபாய் சேரும். மேலே கண்ட முதல் திங்கட் குறையாகிய 748 யூரோவுக்கு, 90 ரூபாய் வீதம், 67,320 ரூபாய் வேண்டும்.